குழந்தைகளின் நீடித்த காய்ச்சலும் கால்நடைத் தொழுவமும்

மாலையில் ஏறிக் காலையில் தணியும் காய்ச்சல் ஒன்று ஒரு குழந்தையை இரண்டு வாரங்களுக்கு மேலும் விடாதிருக்குமாயின், இந்நாட்டில் மருத்துவர் முதலில் கருதுவது டைபாய்டு; அடுத்து மலேரியா; இவ்விரண்டும் அல்லவென்று தோன்றினால் காசநோய். இவ்வரிசையைத் தவறென்று சொல்வதற்கில்லை. மிகுதியாக உள்ள நோயை முதலில் ஐயுறுவதே மருத்துவ முறை. ஆயினும், இவ்வரிசையில் இடம்பெற வேண்டியிருந்தும் பெரும்பாலும் இடம்பெறாமலே போகும் நோய் ஒன்று உண்டு. மாட்டிலும் ஆட்டிலும் தோன்றும்போது அதனைக் கன்றுவீச்சு நோய் என்பர். மனிதரைப் பற்றும்போது அதற்குப் புரூசெல்லோசிஸ் என்று பெயர். கிருமிக் குலம் ஒன்றே. தொழுவத்தில் ஒரு பெயர், மருத்துவமனையில் ஒரு பெயர். இவ்விரு பெயர்களும் இரு வேறு துறைகளின் ஏடுகளில் எழுதப்படுகின்றன. ஓர் ஏட்டை வைத்திருப்பவர் மற்றோர் ஏட்டைப் பார்ப்பதில்லை. குழந்தைகளிடம் இந்நோய் அறியப்படாமற் போவதற்குப் பரிசோதனை வசதிகளின் குறைவைக் காட்டிலும் இதுவே பெரிய காரணமாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். வட கர்நாடகத்தின் வறண்ட சிற்றூர் ஒன்றில் ஒன்பது வயதுச் சிறுவன். தந்தைக்கு ஆடு மேய்த்தல் தொழில். பள்ளி விட்டதும் சிறுவனும் பட்டிக்குச் செல்வான். ஈன்ற குட்டியைத் துணியால் துடைத்து வெயிலில் விடுவது அவன் வேலை. காய்ச்சல் தொடங்கிய பத்தாம் நாள் அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். விடால் சோதனையில் ஐயத்திற்கிடமான முடிவு வருகிறது, டைபாய்டுக்குரிய ஊசி சில நாட்கள் போடப்படுகிறது, காய்ச்சல் தணிகிறது. மூன்று வாரம் சென்றபின் அது மீண்டும் வருகிறது. இம்முறை வலது முழங்காலில் வீக்கமும் உண்டு. மூட்டுவாதக் காய்ச்சல் என்று கருதி அதற்குரிய மருந்து தரப்படுகிறது. பயனில்லை. உடல் மெலிவதைக் கண்டு, இறுதியில் காசநோய் மருந்து தொடங்கப்படுகிறது. அதனால் காய்ச்சல் விட்டுவிடவே, ஐயம் உறுதியாயிற்றென எல்லாரும் நம்புகின்றனர். இவ்வளவிற்கும், அவன் படுக்கையில் விழுவதற்கு ஒரு மாதம் முன்னர் அப்பட்டியில் நான்கு ஆடுகள் குறைமாதத்தில் குட்டி போட்ட செய்தி, கால்நடை மருந்தகப் பணியாளரின் குறிப்பேட்டில் இருக்கிறது. அக்குட்டிகளைச் சிறுவன் கையால் எடுத்து அப்புறப்படுத்தியதை அவன் வகுப்புத் தோழர்கள் அறிவர். மருத்துவர் மட்டும் அறியார். அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இச்சிறுவன் கற்பனையே, அவன் சென்ற வழி கற்பனையன்று. அதே வட்டாரத்தில், இன்று விஜயபுரா எனப்படும் பீஜப்பூரில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வொன்று, குழந்தைகளிடமிருந்து எடுத்த 5,726 இரத்த மாதிரிகளைச் சோதித்து, 93 குழந்தைகளிடம் இந்நோய்க்குரிய சான்றைக் கண்டது. நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். சிறு விகிதம்தானே என்று ஒதுக்குவோர் ஒன்றை மறக்கின்றனர்: அந்த 93 குழந்தைகளும் தேடியதனால் கிடைத்தவர்கள். தேடாத ஆய்வுக்கூடத்தில் இந்நோயின் எண்ணிக்கை எப்பொழுதும் சுழியாகவே இருக்கும். அச்சுழியைக் காட்டி ‘எங்கள் மாவட்டத்தில் இந்நோய் இல்லை’ என்று கூறுவது எளிது.

தேடவேண்டிய இடத்தில் தேடாமை இந்நோயின் வரலாற்றிலேயே ஊறியது. 1887-இல் மால்டாத் தீவில் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ், இறந்த படைவீரரின் மண்ணீரலினின்று இக்கிருமியைப் பிரித்தெடுத்தார். அதன்பின் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள், அது மனித உடலுக்குள் எவ்வழியாக வருகிறது என்பது விளங்கவில்லை. காற்றும் சாக்கடையும் கொசுவும் ஐயத்திற்குள்ளாயின. 1905-இல் மால்டா மருத்துவர் தெமிஸ்டொகிளிஸ் சம்மித், ஆராய்ச்சிக்கெனக் கொணர்ந்த வெள்ளாடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, நலமாகத் தோன்றிய ஆடுகளே கிருமியைச் சுமந்திருப்பது தெரிந்தது. அவற்றின் பாலிலும் கிருமி இருந்தது. வீடு வீடாக ஓட்டிச் சென்று வாயிற்படியில் கறந்து கொடுக்கப்பட்ட பால் அது! 1906-இல் படையினருக்கு அப்பால் நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே நோய் விரைந்து குறைந்தது. ஊர்மக்கள் தொடர்ந்து அதனையே பருகினர், அவர்களிடையே நோயும் தொடர்ந்தது. இதற்கிடையில் டென்மார்க்கில் பெர்ன்ஹார்டு பாங் என்பவர், பசுக்களின் கன்றுவீச்சிற்குக் காரணமான கிருமியை 1897-இலேயே கண்டறிந்திருந்தார். ஆட்டுக் கிருமியும் மாட்டுக் கிருமியும் நெருங்கிய உறவுடையவை என்று 1918-இல் அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ஆலிஸ் எவன்ஸ் காட்டும் வரை, இவ்விரு கண்டுபிடிப்புக்களையும் ஒருவரும் இணைத்துப் பார்க்கவில்லை. அவர் கூறிய பின்னரும் பலர் சில ஆண்டுகள் அதனை ஏற்கவில்லை. மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் தனித்தனியே நடந்ததற்கு உலகம் அன்று கொடுத்த விலை இது. இன்றும் சிற்றூர்களில் அதே விலை கொடுக்கப்பட்டு வருகிறது.

‘இந்நாட்டில் பாலைக் காய்ச்சாமல் குடிப்பார் இல்லை, ஆகவே இந்நோய்க்கு இங்கு இடமில்லை’ என்பது நகரத்து மருத்துவர்களிடையே அடிக்கடி கேட்கப்படும் வாதம். இதில் பாதி உண்மை. பாலைப் பொங்கக் காய்ச்சும் வழக்கம் இந்தியக் குடும்பங்களின் மிகச் சிறந்த காப்பு. வேறு நாடுகளில் பச்சைப் பாலிலிருந்து செய்யப்படும் பாலாடைக் கட்டியால் பரவும் அளவிற்கு இந்நோய் இங்கு உணவால் பரவாமலிருப்பது அதனால்தான். காய்ச்சிய பாலில் உறையிட்ட தயிரிலும் அச்சமில்லை. ஆனால், அடுப்பங்கரையில் நடப்பது வேறு. மேய்ச்சல் நிலத்தில் நடப்பது வேறு. பசித்த சிறுவன் வெள்ளாட்டின் காம்பிலிருந்து நேரே வாயில் பீய்ச்சிக்கொள்கிறான். நுரை மாறாத பால் உடலுக்கு வலிமை தருமென்று சில வீடுகளில் கறந்த சூட்டோடே குழந்தைக்குக் கொடுக்கின்றனர். வெள்ளாட்டுப் பாலை மருந்தாகக் கருதிப் பச்சையாகக் குடிப்பிக்கும் வழக்கமும் உண்டு. இவற்றிற்கும் மேலாக, பாலின் தொடர்பே இல்லாத வழி ஒன்றிருக்கிறது. கன்று வீசிய பசு அல்லது ஆட்டின் நஞ்சுக்கொடியிலும் கருநீரிலும் கிருமி கணக்கற்று நிறைந்திருக்கும். கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும், கண்ணின் வழியாகவும், மூச்சின் வழியாகவும் அது உட்புகும். பால் எவ்வளவு பொங்கினாலும் இவ்வழியை அடைக்காது.

ஆகவேதான் கேள்வியைக் கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். ‘பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறீர்கள்?’ என்று கேட்டால் தாய் ஆமென்பாள். அவள் பொய் சொல்லவில்லை. மேய்ச்சலில் மகன் செய்வதை அவள் அறியாள். சிறுவனையே தனியே கேட்க வேண்டும். வீட்டில் ஆடு மாடு உண்டா, அண்மையில் ஏதேனும் கன்று வீசியதா, இறந்து விழுந்த குட்டியை எடுத்தது யார், வீட்டில் வேறு யாருக்கேனும் இதுபோல் விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்ததா என்ற நான்கையும் கேட்டு முடிக்க இரண்டு நிமிடம் போதும். புறநோயாளர் சீட்டில் இவற்றிற்கென ஒரு வரி ஒதுக்குவதற்குச் செலவு யாதும் இல்லை. எந்த உயர்ந்த பரிசோதனையும் இந்தக் கேள்விகளுக்குப் பின்னரே பயனுடையதாகும்.

இனி, குழந்தையிடம் தோன்றும் குறிகள். கிருமி புகுந்து பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் நோய் தலைகாட்டும். சில வேளைகளில் பல மாதங்களும் ஆகலாம். காய்ச்சல், மூட்டுவலி, கல்லீரல் மண்ணீரல் வீக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருமாயின் ஐயம் வலுப்பெற வேண்டும். மூன்றும் சேர்ந்தே வரும் என்பதில்லை. காய்ச்சல் இன்ன வகை என்று வரையறுக்கவும் இயலாது. அலையலையாக ஏறி இறங்கும் என்று பழைய நூல்கள் கூறுவது, மருந்து படாமல் நெடுநாள் சென்ற நோயில்தான் தெளிவாகத் தெரியும். இரவில் வேர்த்துப் படுக்கை நனைதல், பசியின்மை, சோர்வு, எடை குறைதல் ஆகியன உடன் வரும். பெரியவர்களுக்கு முதுகெலும்பில் வலி மிகுதி. குழந்தைகளுக்கோ இடுப்பு மூட்டும் முழங்காலும் முதலில் பாதிக்கப்படுகின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழந்தை நொண்டுவதும், மிகச் சிறு குழந்தையாயின் நடக்கவே மறுத்துத் தூக்கச் சொல்லி அழுவதும் குறிப்பிடத்தக்கன. இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் கூடாமல், இயல்பாகவோ குறைந்தோ காணப்படும். சில குழந்தைகளிடம் சிவப்பணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்து குறைவதால் இரத்தப் புற்றுநோயோ என்னும் அச்சம் எழுவதுண்டு. பீகார் முதலிய பகுதிகளில் கண்ட காலா அசார் நோயோடும் இதனை மயங்க இடமுண்டு. மூளையுறையையோ இதயத்தின் உள்வால்வுகளையோ தாக்குவது அரிது. இந்நோயால் நேரும் சில மரணங்களுக்குப் பெரும்பாலும் இதயத் தாக்குதலே காரணம்.

ஆய்வுக்கூடத்தில் முதற்படி ரோஸ் பெங்கால் தட்டுச் சோதனை. சாயமேற்றிய கிருமிக் கலவைத் துளி ஒன்றோடு நோயாளியின் இரத்தத் தெளிநீர்த் துளி ஒன்றைக் கலந்து நான்கு நிமிடம் அசைத்தால், எதிர்ப்பொருள் இருப்பின் சிறு துகள்களாகத் திரளும். விலை குறைந்தது, வட்ட மருத்துவமனையில் செய்யக்கூடியது, கால்நடை ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வருவது. அதே ஊரின் மனித மருத்துவமனையில் இது இல்லாதிருப்பது வியப்புக்குரியது மட்டுமன்று, திருத்தத்திற்குரியதுமாகும். திரட்சி கண்டால் அடுத்தது குழாய்த் திரட்சிச் சோதனை. தெளிநீரை 160 மடங்கு நீர்த்த பின்னும் திரட்சி காணப்பட்டு, நோய்க்குறிகளும் பொருந்தினால், நோயென்று கொள்வது பொதுவான வழக்கம். இரண்டு வாரம் விட்டு எடுத்த இரண்டாம் மாதிரியில் நான்கு மடங்கு ஏற்றம் இருப்பின் ஐயமே இல்லை. இங்கு ஒரு பொறி உண்டு. எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருக்கும் குழந்தையின் தெளிநீர், குறைந்த நீர்ப்பில் திரளாமலே இருந்து, மேலும் நீர்த்தால்தான் திரளும். முதல் இரண்டு மூன்று குழாய்களை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று எழுதுவோர், கடுமையாக நோயுற்ற குழந்தையையே நோயற்றதென்று திருப்பியனுப்புவோராவர்.

கிருமியை இரத்தத்திலிருந்து வளர்த்துக் காண்பதே ஐயந்திரிபற்ற சான்று. ஆனால் இக்கிருமி மெல்ல வளர்வது. பழைய முறையில் நான்கு வாரம் வரை புட்டியை வைத்திருந்து பார்க்க வேண்டும். தானியங்கிக் கருவிகளில் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தெரிந்துவிடும். மருந்து தொடங்குமுன் இரத்தம் எடுத்தாக வேண்டும். ஐயத்தை ஆய்வுக்கூடத்தாருக்கு முன்கூட்டியே எழுதி அறிவித்தலும் கட்டாயம். ஆய்வுக்கூடப் பணியாளரைத் தொற்றும் பாக்டீரியா நோய்களுள் இது முன்னணியில் நிற்பது. அறியாமல் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்த பணியாளர் நோயாளியாவது உலகெங்கும் நிகழ்ந்துள்ளது.

நோயறிதலில் அவசரமும் கூடாது, தாமதமும் கூடாது என்பதற்குச் சிகிச்சையின் தன்மையே காரணம். ஒரு மருந்தால் மட்டும் இந்நோய் தீர்வதில்லை. விட்டதுபோல் விட்டு மீளும். எட்டு வயதிற்கு மேற்பட்டோர்க்கு டாக்சிசைக்ளினும் ரிபாம்பிசினும், அதனினும் சிறியோர்க்குக் கோட்ரைமாக்சசோலும் ரிபாம்பிசினும் என இரு மருந்துகள் ஆறு வாரம் தொடர்வது பொதுவான முறை. எலும்பு, மூட்டு, நரம்பு பாதிக்கப்பட்டால் காலம் நீளும். அளவை உறுதி செய்வது மருத்துவர் பொறுப்பு. இம்மருந்துகளுள் ரிபாம்பிசின் காசநோய்க்கும் உரியது என்பது களப்பணியாளர் நினைவில் இருத்தத் தக்கது. ஸ்டிரெப்டோமைசினும் அவ்வாறே இரு நோய்களிலும் பயன்பட்டது. எனவே, சான்றின்றித் தொடங்கிய காசநோய் மருந்தால் காய்ச்சல் தணிந்தது என்பதைக் கொண்டு, அது காசநோயே என்று முடிவு கட்டுதல் தவறு. புரூசெல்லோசிஸும் அம்மருந்தால் அரைகுறையாக அடங்கும். கால்நடை வளர்க்கும் வீட்டுக் குழந்தைக்குக் காசநோய் மருந்தைச் சோதனையாகத் தொடங்குமுன், ஒரு ரோஸ் பெங்கால் சோதனை செய்தே தீரவேண்டும் என்பதை விதியாக்குதல் தகும்.

இதற்கு மறுப்புரை ஒன்றும் நியாயமாக எழக்கூடும். காய்ச்சல் என்று வரும் குழந்தைகள் எல்லாருக்கும் இச்சோதனையைச் செய்யத் தொடங்கினால், நோயற்றவர்க்கும் ஆறு வாரம் மருந்து கொடுக்க நேரும். மேய்ப்பர் குடும்பங்களில் நோய்க்குறி யாதுமின்றி எதிர்ப்பொருளை மட்டும் சுமப்போர் உண்டு. எர்சினியா போன்ற வேறு கிருமிகளின் தொற்றும் இச்சோதனையில் பொய்த் திரட்சி தரலாம். குணமான பின்னரும் பல மாதங்கள் எதிர்ப்பொருள் இரத்தத்தில் நீடிக்கும். இவ்வெதிருரை உண்மை. அதற்கு விடை, சோதனையைக் கைவிடுதல் அன்று, கேள்வியை முன்வைத்தல். தொழுவத்துத் தொடர்பும் நீடித்த காய்ச்சலும் ஒருங்கே உள்ள குழந்தைக்கு மட்டும் சோதனை என்றால், பொய் முடிவுகள் பெரிதும் குறையும்.

அத்தொடர்பை முதலில் அறிபவர் கால்நடைக் களப்பணியாளரே. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் இந்நோயை அட்டவணையில் சேர்த்து, அறிவிப்பதை உடையவரின் கடமையாக்கியுள்ளது. நடைமுறையில், கன்று வீசியதை வெளியே சொன்னால் பால் விலைபோகாது என்று உடையவர் அஞ்சுகிறார். மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் சென்று விற்றுவிடுவதும் உண்டு, நோயும் அதனோடு வேற்றூர் செல்கிறது. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், நான்கு முதல் எட்டு மாத வயதுடைய கிடாரிக் கன்றுகளுக்கு எஸ்-19 தடுப்பூசியை ஒருமுறை போடுவதென வகுத்தது. நல்ல திட்டம்; ஆனால் அதன் புரூசெல்லோசிஸ் பகுதி மாடும் எருமையும் என்ற அளவில் நின்றது. மனிதரை மிகக் கடுமையாகத் தாக்கும் மெலிட்டென்சிஸ் வகை ஆடுகளுக்கே உரியது. சிறுவர் கையில் நாள்தோறும் புழங்குவதும் ஆடே. வெள்ளாடு, செம்மறிகளுக்கான தடுப்பூசி பிற நாடுகளில் வழங்கி வருகையில், இங்கு ஆட்டுப் பட்டிகளை விட்டுவிட்டுக் குழந்தைகளைக் காக்க முற்படுவது பாதி வேலையாகும்.

தடுப்பூசி வரும்வரை செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. ஒரே பட்டியில் இரண்டு மூன்று கன்றுவீச்சு நேர்ந்தால், கால்நடைப் பணியாளர் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அதனைத் தொலைபேசியிலேனும் தெரிவிக்கலாம். பால் கூட்டுறவுச் சங்கத்திற்கு அச்செய்தி செல்லத் தேவையில்லை. எந்த வீட்டுக் குழந்தைகளுக்கு வரும் மாதங்களில் காய்ச்சல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது சுகாதாரப் பணியாளருக்குத் தெரிந்தால் போதும். விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் நாய்க்கு எறியாமல், கையுறையணிந்து எடுத்து, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கச் செய்வதும், அவ்வேலையில் சிறுவரை விடாமல் தடுப்பதும் அவர் கையிலுள்ளவை. எஸ்-19 உயிருள்ள கிருமியால் ஆனது. ஊசி தவறிக் கையில் குத்திக்கொண்ட பணியாளர் அதனை மறைக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஆசிரியர் நோயைக் கண்டறிய வேண்டியவரல்லர். அவ்வாறு எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் வருகைப் பதிவேட்டில் மூன்று நாள் வந்து நான்கு நாள் வாராத குழந்தை எது என்பதும், உடற்பயிற்சி வேளையில் திடீரென மரத்தடியில் உட்கார்ந்துவிடுவது யார் என்பதும், எந்த மாணவன் காலையில் ஆடு அவிழ்த்துவிட்டு வருகிறான் என்பதும் ஊரில் வேறெவரையும்விட அவருக்கு நன்கு தெரியும். சோம்பல் என்று கண்டிக்கப்படும் சிறுவருள் சிலர் நோயாளிகளாக இருக்கக்கூடும். ஒரு குழந்தைக்கு இந்நோய் உறுதியானால், அதே வீட்டில் அதே பட்டியில் வளரும் அண்ணன் தங்கைகளையும் சோதிப்பது அவசியம். அவர்களும் பெரும்பாலும் அதே பள்ளியிலேயே படிப்பர். குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்பும்போது, பெற்றோர் கையில் ஆசிரியர் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பலாம். அச்சீட்டில் இரண்டு வரி எழுதினால் போதும்: எத்தனை நாளாகக் காய்ச்சல், வீட்டில் என்ன கால்நடை.